தராசோடு வந்தவர், மெலிந்த வளையல், ஏறாத கூலி: கைவேலை நகை விலை பற்றி உங்கள் அனுபவம்?

பட்டறைத்தூசி

கண்காட்சி மேசை, நல்ல கூட்டம். ஒருவர் வெள்ளித் தோடு ஒரு ஜோடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியை முறுக்கி, தட்டி, இதழ் இதழாக வளைத்து, ஒவ்வொரு சேர்ப்புக்கும் தனித்தனியாகப் பொடி, அதாவது உருகி ஒட்டவைக்கும் பற்றுலோகம், வைத்து ஊதியது. செய்தவர்களுக்குத் தெரியும், கடைசிச் சேர்ப்பைச் சூடாக்கும்போது முதல் சேர்ப்பு இளகி நழுவிவிட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்துதான்.

அவர் பையிலிருந்து உள்ளங்கையளவு தராசு ஒன்றை எடுத்தார். என் மேசையிலேயே, என் தோட்டை எடை போட்டார். கைபேசியில் அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, திரையை என் பக்கம் திருப்பினார். "வெள்ளி இவ்வளவுதான். மீதி எல்லாம் என்ன?"

கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல். பக்கத்தில் மோதிரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கையில் இருந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. இத்தனைக்கும் "வெள்ளி விலை ஏற்றத்தால் விலைகள் மாற்றப்பட்டுள்ளன" என்று மேசையிலேயே அட்டை வைத்திருந்தேன்.

மணிக்கோவை

முதலில் அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். விலை ஏறியதற்கு வெள்ளிதான் காரணம் என்று நாமே எழுதி வைத்தால், அவர் தராசை எடுக்காமல் வேறு என்ன செய்வார்?

நான் மணி கோப்பவள். ஒவ்வொரு மணிக்கு நடுவிலும் முடிச்சுப் போட்டுக் கோத்த மாலை. முன்பணம் கொடுத்துவிட்டுப் போனவர், எடுத்துக்கொள்ள வேண்டிய நாளில் ஒரு செய்தித் துணுக்கை அனுப்பினார்: வெள்ளி விலை சரிவு. கீழே ஒரே வரி, "அப்போ எனக்கும் குறையுமில்ல?" மாலை முழுக்கக் கண்ணாடி மணி. வெள்ளி இருந்தது கொக்கியில் மட்டும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கொக்கியைக் கழற்றித் தனியாக எடை போட்டு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

வாங்கும்பக்கம்

எல்லாரும் விற்கிறவர் கதையே சொல்கிறீர்கள். வாங்கினவள் கதை ஒன்று.

எனக்கு ஒரு முறுக்கு வளையல் வாங்கினேன், ரொம்பப் பிடித்துப் போய் அதே ஆளிடம் தங்கைக்கும் அதே வளையல் சொன்னேன். இடையில் வெள்ளி நன்றாக ஏறியிருந்தது. ஆனால் விலையை ஏற்றவில்லை, நல்ல மனுஷர் என்று நினைத்தேன். வந்ததும் ஒரு கையில் பழசு, ஒரு கையில் புதுசு. புதுசு லேசாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், வட்டம் முட்டை வடிவத்துக்குப் போனது. பழசு அசையவில்லை. கேட்டதற்கு, "டிசைன் அதேதானே மேடம்" என்று பதில்.

விலை ஏறிவிட்டது என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன், இல்லை விட்டிருப்பேன். அது என் முடிவு. அதை அவர் எனக்காக எடுத்துவிட்டார். அதனால் தராசோடு வந்தவரை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மலிவாக இருந்தபோது வாங்கிப் போட்ட வெள்ளியில் செய்த நகையை இன்றைய விலைக்கு விற்பது எந்த ஊர் நியாயம்?

கம்பிக்கணக்கு

வளையலில் நடந்தது இதுதான். 3 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.4 மி.மீ. போட்டால் பார்வைக்கு அவ்வளவாகத் தெரியாது. எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே வெள்ளி 36 சதவீதம் மிச்சம். ஆனால் வளையாமல் தாங்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. அது 41 சதவீதமாக இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு வெள்ளியை மிச்சம் பிடிக்கப் பாதிக்கு மேல் விறைப்பைக் கொடுத்துவிட்டார்.

பழைய வெள்ளி விஷயத்தில் உங்களோடு உடன்பாடு இல்லை. இன்று விற்ற காசில் நாளைக்கு அதே எடை வெள்ளி வாங்க முடியவில்லை என்றால், அவர் ஒவ்வொரு நகைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டறையையே விற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இறங்கும்போது அடி வாங்குவதும் அவர்தான். 1980 ஜனவரியில் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 50 டாலரை நெருங்கிய வெள்ளி மார்ச் கடைசியில் 11 டாலர் பக்கம் விழுந்தது. உச்சத்தில் வாங்கி வைத்த பட்டறைக்காரரிடம் யாராவது வாங்கிய விலையைக் கொடுத்து எடுத்திருப்பார்களா? 2011 ஏப்ரலில் மறுபடி 50 பக்கம் போய் இறங்கியது, 2025 அக்டோபரில் அதைத் தாண்டியது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பலரும் உலோக விலையை மூன்றால் பெருக்கு, நான்கால் பெருக்கு என்று விலை போடுகிறார்கள். வெள்ளி ஏறினால் கூலியும் காரணமில்லாமல் சேர்ந்து ஏறும், இறங்கினால் கூலியும் சேர்ந்து விழும். கம்பி வளைக்க ஆகும் நேரம் வெள்ளி விலையைப் பார்த்தா கூடுகிறது, குறைகிறது? பெருக்காதீர்கள், கூட்டுங்கள்: உலோகம், சேதாரம், வேலை நேரம், பட்டறைச் செலவு. நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். அரம் போட்டது, மெருகேற்றியது, படம் எடுத்தது, "இன்னும் கொஞ்சம் சின்னதாகக் கிடைக்குமா" என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதியது, எல்லாமே வேலைதான்.

சேதாரம் என்றாலே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். சதுரத் தகட்டிலிருந்து வட்டம் வெட்டிப் பாருங்கள், நான்கு மூலையில் மட்டும் 21.5 சதவீதம் போய்விடும். அந்தத் துண்டை மறுபடி உருக்கலாம், விற்கலாம். ஆனால் சுத்திகரிப்பவர் புதுத் தகட்டு விலை தரமாட்டார். அரத்தூளில் பற்றவைத்த பொடியும் கலந்திருக்கும், அதற்கு இன்னும் கம்மி.

அப்புறம் ஆர்டர். விலை எத்தனை நாள் செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். உலோகப் பணத்தை மட்டும் முன்பணமாக வாங்கி அன்றைக்கே உலோகத்தை வாங்கிவிடுங்கள், இடையில் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் பேச்சு வராது. "இதே மோதிரம் தங்கத்தில்" என்று கேட்பவரிடம் கிராம் விலையை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். 18 காரட் தங்கம் வெள்ளியைவிட அடர்த்தி. அதே அச்சில் வார்த்தால் எடையே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும். முலாம் பூசும் வேலை இருந்தால்...

கல்பதிப்பவன்

வகுப்பு முடிந்ததா? உங்கள் கணக்கில் "வேலை நேரம்" என்று ஒரு வரி வருகிறதே, அது நான்தான்.

ஒரு பட்டறையில் கல் பதிக்கிறேன். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கூட்டிக் கேட்டபோது முதலாளி உலோக பில்லை எடுத்துக் காட்டினார். "இந்த நிலைமையில் எப்படி? அப்புறம் பார்க்கலாம்." பில் உண்மைதான், நானும் பார்த்தேன். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே மோதிரம் வாங்க ஒரு அம்மா வந்தார். விலை ஏன் இவ்வளவு கூடிவிட்டது என்று கேட்டார். முதலாளி சொன்னது என் காதில் விழுந்தது: "வேலையாள் கூலி எங்கேயோ போயிடுச்சும்மா." நான் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, அந்த அம்மாவின் மோதிரத்தில்தான் கல்லைப் பிடிக்கும் கடைசிக் கம்பி நகத்தைக் கல் மேல் மடக்கிக்கொண்டிருந்தேன். கை வழுக்கியிருந்தால் கல் போயிருக்கும்.

உலோகம் விற்கிறவரிடம் யாராலும் பேரம் பேச முடியாது. விலை திரையில் ஓடுகிறது. வாங்க வருகிறவரிடம் ஓரளவுக்கு மேல் கேட்க முடியாது. நடுவில் அமுக்கக் கிடைப்பது நாங்கள். மணிக்கோவை சொன்ன அட்டை வேண்டாம், சரி. ஆனால் அட்டையில் வெள்ளிக்குப் பதில் கூலி என்று எழுதினால், அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டு எழுதுங்கள்.

பட்டறைத்தூசி

கல்பதிப்பவன், என் பட்டறையில் நான் ஒருத்தன்தான், கூலியும் நானே முதலாளியும் நானே. அதனால் என்னையே ஏமாற்றிக்கொள்வது இன்னும் சுலபம்.

வாங்கும்பக்கம், உங்கள் வளையல் கதையைப் படித்துவிட்டு அடுத்த கண்காட்சிக்கு ஒவ்வொரு நகையோடும் சின்னச் சீட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். எடை, சேதாரம், வேலை நேரம், மூன்று வரி. தராசோடு வருகிறவர் அவர் பாட்டுக்குச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

மணிக்கோவை

வேலை நேரத்தை எழுதினால் "நான்கு மணி நேரமா? என் மச்சினி இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவாள்" என்று ஆரம்பிப்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்பக்கம்

எழுதட்டுமே. கம்பி எத்தனை மி.மீ. என்பதையும் நாலாவது வரியாகப் போட்டால் நான் கேள்வி கேட்காமல் வாங்குவேன். அந்த மச்சினி போடுகிற கம்பியையும் அப்போது அளந்துவிடலாம்.