குடும்ப வரலாறு பக்கத்துக்கு மாசம் 12 பதிவு: எதை, எப்போ, எப்படிப் போடுறது?

மாம்பலம்_கிளை:
பூர்வீகம் தேடுறவங்களுக்காக ஒரு பேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராமும் நடத்துறோம். பாக்குறவங்க பாதி சென்னை, மீதி சிங்கப்பூர், மலேசியா, லண்டன், டொரோண்டோ. வாரம் 3 பதிவு. பழைய போட்டோ போட்டா லைக் வருது, ஆனா கமெண்ட்ல "அருமை", "பொக்கிஷம்" தாண்டி எதுவும் வர்றதில்லை. மூணாவது வாரம் போட சரக்கு தீர்ந்துடுது. ஆகஸ்ட்ல இருந்து புதுசா காலண்டர் போடணும். என்ன மாதிரி பதிவு, ஸ்கேன் எந்த அளவு, உயிரோட இருக்கிறவங்க விவரம் எவ்வளவு போடலாம்?

பழைய_பீரோ:
"பொக்கிஷம்"னு கமெண்ட் வந்தா, அந்தப் பதிவு எதையும் கேட்கலைன்னு அர்த்தம். "உங்கள் நினைவுகளைப் பகிருங்கள்" எல்லாம் கேள்வியே இல்லை. பதில் ஒரே வார்த்தையா இருக்கணும், அந்த ஒரு வார்த்தைக்காக வீட்டுப் பெரியவங்களுக்கு போன் போட வேண்டி வரணும். "உங்க தாத்தாவுக்கு ரெண்டு இனிஷியல் இருந்தா, முதல் எழுத்து எந்த ஊர்?"னு கேட்டுப் பாருங்க. நம்மள்ல பல பேருக்குக் குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேர் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிடும். ஆனா ரெண்டு எழுத்துல முன்னது பல வீட்டுல பூர்வீக ஊர். அது கெடைச்சா தேடலே பாதி முடிஞ்ச மாதிரி.

அடுத்தது, உங்க கையில இருக்கிற போட்டோவைப் பத்தி எழுதாதீங்க. பாக்குறவங்க பீரோவுல இருக்கிற ஒரு பொருளைப் பத்தி எழுதுங்க, ஒரு பதிவுக்கு ஒரே பொருள். போட்டோ பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையையே எடுத்துக்கோங்க. "மெட்ராஸ்-600 004"னு இருந்தா அது 1972 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம்தான், ஏன்னா பின்கோடு வந்ததே அன்னைக்குத்தான். "மெட்ராஸ்-4"னு இருந்தா 1972-க்கு முந்தினதா இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். ரப்பர் ஸ்டாம்ப்பை யாரும் உடனே மாத்த மாட்டாங்க, தேயுற வரைக்கும் குத்துவாங்க. இந்த வித்தியாசத்தைப் பதிவுலயே சொல்லிடுங்க, இல்லைன்னா கமெண்ட்ல சண்டை வரும்.

அதே மாதிரி மெட்ராஸ்னு இருந்தா முந்தி, சென்னைன்னு இருந்தா பிந்தின்னு, பேர் மாறின 1996-ல கோடு கிழிக்கிறது இங்கிலீஷ்ல அச்சடிச்சதுக்கு மட்டும்தான் செல்லும். தமிழ்ப் பத்திரிகைல அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே சென்னைதான். ரசீதுல "ந.பை." (நயா பைசா) பாத்தா 1957-க்கும் 1964-க்கும் நடுவுல. இந்த ஒரு வரிசையிலயே ஆறு பதிவு தேறும்.

நாழிகை:
மேல சொன்னதோட ஜாதகத்தையும் சேர்த்துக்கோங்க, பெரும்பாலான இந்து வீடுகள்ல பொறந்த தேதிக்கு இருக்கிற பழைய எழுத்து அதுதான். கடைசித் தலைமுறைக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால சொல்லிக் கொடுக்கிற பதிவு நிக்கும். 5 ஸ்லைடு போதும்.

"ஈஸ்வர வருஷம் ஐப்பசி 7, உதயாதி நாழிகை 10"னு இருக்குன்னு வைங்க. வருஷப் பேர் 60 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும், அதனால ஈஸ்வர 1877, 1937, 1997 மூணுலயும் உண்டு. ஆளோட வயசை வச்சு 1937-ஐ எடுத்துக்கிட்டா, ஐப்பசி 7 அக்டோபர் 23-ஐ ஒட்டி வரும். ஜாதகத்துல கிழமையும் எழுதியிருப்பாங்க, அதோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுத்தான் தேதியை உறுதி பண்ணணும். ஒரு நாழிகை 24 நிமிஷம், சூரிய உதயத்துல இருந்து எண்ணுறது. 10 நாழிகைன்னா 4 மணி நேரம், உதயம் 6 மணின்னா காலைல 10 மணி வாக்குல பொறந்திருக்காங்க.

எல்லாரும் தடுக்கி விழுற இடம் தை, மாசி, பங்குனி. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவுல பொறக்குது, அதனால ஈஸ்வர வருஷத்து மாசி 1938-ல வரும். இதுக்குத் தனியா ஒரு ஸ்லைடு ஒதுக்குங்க. பாக்குறவங்களை இழுக்க தாது வருஷப் பஞ்சத்தை முதல் ஸ்லைடுல வைக்கலாம். பேர் எல்லாருக்கும் தெரியும், அந்த தாது 1876-னு பல பேருக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: உயிரோட இருக்கிறவங்க ஜாதகக் கட்டத்தை அப்படியே போடாதீங்க. தேதி, நேரம், அப்பா பேர் எல்லாம் ஒரே தாள்ல இருக்கு.

கருப்புவெள்ளை:
ஸ்கேன்: சாதாரண பிரிண்ட்டுக்கு 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு இத்தனை புள்ளின்னு கணக்கு), பாஸ்போர்ட் சைஸுக்கு 1200. 9x12 செ.மீ. படம் 600-ல சுமார் 2100x2800 பிக்சல் வரும், முகத்தைத் தனியா வெட்டிப் போடவும் தாங்கும். தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாச் சேமிச்சு வைங்க, போஸ்டுக்கு மட்டும் 1080x1350 ஜேபெக். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, எழுத்து அங்கதான் இருக்கும். பசை ஒட்டின ஆல்பத்துல இருந்து படத்தைப் பிய்க்காதீங்க, பக்கத்தோட அப்படியே எடுத்துடுங்க.

படம் அனுப்பச் சொன்னா வாட்ஸப்ல டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. போட்டோவா வந்தா சுருங்கிடும், முத்திரை எழுத்து கரைஞ்சிடும்.

ஏஐ கலர் எனக்கு உடன்பாடில்லை. புடவை நிறத்தை அது ஊகிக்குது, மங்கின முகத்துல வேற ஆளோட கண்ணை வரையுது. போட்டே ஆகணும்னா பக்கத்துலயே மூலப் படத்தையும் வைங்க.

மூணுதலைமுறை:
காலண்டருக்கு வர்றேன். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டேன்னு எல்லாப் பக்கமும் அன்னைக்கே கொட்டும், உங்க பதிவு மூழ்கிடும். 12-ம் தேதியே "உங்க குடும்பம் சென்னைல முதல்ல குடியேறின தெரு எது?"னு கேளுங்க. வந்த தெருப் பேர்களை மேப்ல குறிச்சு 22-ல போடுங்க. போன பதில்தான் அடுத்த பதிவு. மூணாவது வாரத்தைப் பூரா இதுக்கே ஒதுக்குங்க, சரக்கு தீராது. இதுக்காக கமெண்டை அன்னன்னைக்கே ஒரு ஷீட்டுல ஏத்துங்க: பேர், ஊர், தாலுகா, வருஷம், பதிவு லிங்க். ரெண்டு மாசம் கழிச்சு பேஸ்புக்ல தேடினா கெடைக்காது.

வருஷத்துல பெரிய வாய்ப்பு மகாளய பட்சம், அதாவது மகாளய அமாவாசைக்கு முந்தின 15 நாள். தர்ப்பணத்துக்கு மூணு தலைமுறைப் பேர் வேணும், கொள்ளுப்பாட்டி பேர்ல வந்து நிக்கும். அந்த 15 நாளுக்கு 10 நாள் முன்னாடி "அப்பாவோட பாட்டி பேர் என்ன?"னு மட்டும் போடுங்க. தை அமாவாசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ரெண்டுக்கும் இதே முறை. கல்லறைத் திருநாளுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டை எப்படிக் கேட்டுப் பாக்குறதுன்னு ஒரு பதிவு சேருங்க.

சிங்கப்பூர், மலேசியாக்காரங்களுக்குக் கப்பல். 1973 வரைக்கும் ரஜூலா, அப்புறம் சிதம்பரம். "உங்க வீட்டுல யார் எந்தக் கப்பல்ல போனாங்க?" போதும். பழைய பாஸ்போர்ட் முத்திரையே வந்து விழும்.

நேரம் ஞாயிறு ராத்திரி 8. சிங்கப்பூர்ல அப்போ 10.30, லண்டன்ல மத்தியானம், டொரோண்டோல காலை. எல்லாரும் முழிச்சிருக்கிற நேரம் அது.

எழும்பூர் ஆவணக் காப்பகம் பத்தி எழுதினா ஒரு விஷயத்தை முதல் வரியிலயே சொல்லிடுங்க: அங்க ஆள் பேரை வச்சுத் தேட முடியாது. அரசாணைகள் துறை, வருஷம், எண் வரிசைல இருக்கு. ஊர், தாலுகா, வருஷம் இல்லாம போறவங்க வெறுங்கையோடதான் வருவாங்க.

மாம்பலம்_கிளை:
ரொம்ப நன்றி. ஒண்ணு மட்டும்: பழைய கிரயப் பத்திரம் போடச் சொல்லி நிறைய பேர் கேக்குறாங்க. போடலாமா?

பழைய_பீரோ:
முதல் பக்கத்துல "இன்னார் குமாரர் இன்னார்"னு வர்ற வரியை மட்டும் வெட்டிப் போடுங்க, தலைமுறை தேடுறவங்களுக்கு வேண்டியது அதுதான். சர்வே எண், எல்லை விவரம், கையெழுத்து, ரேகை எல்லாத்தையும் கறுப்புக் கட்டம் போட்டு மறைச்சு, அந்தப் படத்தைப் புதுசா சேவ் பண்ணுங்க. மார்க்கர் கோடு போட்டா பிரைட்னஸ் ஏத்திப் படிச்சிடுவாங்க. சாதிப் பேர் அந்த வரியிலேயே இருக்கும், அதையும் மறைங்க. இல்லைன்னா கமெண்ட் பூரா அதுலயே போயிடும். நிலத்துல வழக்கு இருக்குன்னு தெரிஞ்சா மொத்தமா விட்டுடுங்க.