ஹார்னஸ் நாடா வெட்டப் போய் கையை வெட்டிக்கொண்ட கதை

இதுவரை வாடகை ஜாக்கெட்டில்தான் (சிலிண்டரை முதுகில் மாட்டும் உடுப்பு) ஸ்கூபா டைவ் போய்க்கொண்டிருந்தேன் (புதுச்சேரி, மாதம் ஒரு தடவை). போன மாதம் பேக்பிளேட் (முதுகில் சிலிண்டரைத் தாங்கும் தகடு) வாங்கி, அதை உடம்போடு கட்டும் ஹார்னஸை நானே கோத்தேன். இந்த வகையில் தையலே கிடையாது. 5 செ.மீ. அகல நைலான் நாடா, மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரே துண்டு. பிளேட்டின் துளைகளில் புகுந்து இரண்டு தோளையும் சுற்றி இடுப்பு பக்கிளில் வந்து முடியும். வெட்ட வேண்டியது இரண்டே முனை. இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

கத்தரிக்கோல் பட்டதுமே நூல் பிரிபிரியாகக் கிளம்பிவிட்டது. சரி, மெழுகுவர்த்தியில் காட்டுவோம் என்று காட்டினால், சாம்பல் நிற நாடா முழுக்கக் கரி. முனை மொத்தையாக உருகி உறைந்ததில் டிரைகிளைடு (நாடாவை நகராமல் பிடிக்கும் கண்ணி) இடுக்கில் நுழைய மறுத்தது. இடுக்கியால் பிடித்து இழுத்து ஒருவழியாக நுழைத்தேன். மறுநாள் படகில் இடுப்புப் பட்டையை இறுக்கும்போது அந்த மொத்தையின் ஓரம் கட்டை விரலைக் கிழித்தது. உறைந்த நைலான் ரம்பம் மாதிரி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். உப்புத் தண்ணீர் வேறு.

ஊருக்குள் பை தைக்கும் கடைக்காரரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "வெட்டும்போதே உருகணும் தம்பி, வெட்டிட்டு உருக்கக் கூடாது" என்றார். சால்டரிங் அயர்ன் நுனியை அரத்தால் தட்டையாக ராவி வைத்திருக்கிறார். நாடாவைக் கடப்பா கல்லில் வைத்து, மேலே இரும்பு ஸ்கேலை அழுத்தி, ஓரமாக ஒரே இழுப்பு. வெட்டிய இடம் மெல்லிய கோடாக அடைத்துக்கொண்டது.

நானும் அப்படியே ஒன்று செய்துகொண்டேன். முனையைச் சாய்வாக வெட்டினால் பக்கிளில் ஊசியில் நூல் நுழைவது போல் போகிறது. சூடு ஆறுவதற்குள் கரண்டியின் முதுகால் ஓரத்தை அழுத்திவிடுகிறேன். புகை நெடி அதிகம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் இன்னொரு அசட்டுத்தனம். டீ-ஷர்ட்டோடு அளவு பார்த்து இடுப்பை வெட்டினேன். 5 மி.மீ. வெட்சூட் (டைவுக்குப் போடும் தடித்த ரப்பர் உடை) போட்டதும் நாலு விரல் குறைந்தது. நாடா ஒரே துண்டாயிற்றே, முழுசாகப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. இப்போது சூட்டோடு போட்டுப் பார்த்து, பக்கிளுக்கு வெளியே ஒரு சாண் விட்டுத்தான் வெட்டுகிறேன்.

திருகோணமலையிலிருந்து ஒரு பதில்:
அண்ணை, எனக்கு நாடாவிலேயே ஏமாற்றம். நைலான் என்று சொல்லித்தான் தந்தார்கள். லைட்டரைக் கிட்டக் கொண்டுபோகவே சுருண்டு போச்சு, மெழுகு எரிகிற மணம். அது பாலிபுரொப்பிலீன் என்கிற வேறு பிளாஸ்டிக். நைலான் உருக 220 பாகைக்கு மேலே வேண்டும், அதுக்கு 165 அளவே போதும். ஒரு சின்னத் துண்டைத் தண்ணிக்குள்ளே பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டுப் பாருங்கோ. நைலான் தாழும், மற்றது மிதக்கும். வாங்க முந்தியே செய்யலாம்.

இன்னொருவர்:
நான் அடுப்பில் உருக்கிவிட்டு, வேகத்தில் விரலாலேயே அழுத்தினேன். சொட்டு அப்படியே தோலில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கியதால்தான் புண் பெரிதானது. குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். கரண்டி என்று படித்ததும் வயிறு எரிகிறது, அதுவும் பக்கத்திலேயே கிடந்தது.

ஒரு கேள்வி:
பழைய ஹார்னஸில் முனை மட்டும் பிரிந்திருக்கிறது. மாற்றியே ஆகணுமா?

முதலில் எழுதியவர்:
முனை மட்டும்தான் என்றால் ஒரு விரற்கடை வெட்டி மறுபடி அடைத்தால் போதும். ஆனால் நல்ல தண்ணீரில் அலசி நன்றாகக் காய வையுங்கள். ஈரத்தோடு செய்து பார்த்தேன், கொப்புளம் கொப்புளமாக வந்து ஒரே டைவில் உதிர்ந்துவிட்டது. பிளேட்டின் துளை ஓரத்தில் உரசி நைந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் முழு நாடாவையும் மாற்றிவிடுங்கள். படகில் எழுந்து நிற்கும்போது சிலிண்டரின் பாரம் அங்கேதான் தொங்குகிறது.