பாரிஸுக்குப் போகும் இருவருக்கு: கிழமை, டிக்கெட், ரயில், சாப்பாடு

பாரிஸில் நாலைந்து நாள் தங்கப் போகிறவர்கள் ஹோட்டல் போடுவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் கிழமைகளை எழுதிக்கொள்ளுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. லூவ்ர் இல்லாத செவ்வாயில் பாதிப் பேர் வெர்சாய்க்குக் கிளம்பிவிடுவார்கள், அதனால் அன்று அங்கே கூட்டம் அதிகம். வெர்சாய்க்குப் புதன் அல்லது வியாழன்தான் சரி. ஆர்.இ.ஆர். எனும் புறநகர் ரயிலில் 'சி' தடத்தில் ஏறி 'வெர்சாய் ஷாத்தோ ரீவ் கோஷ்' நிலையத்தில் இறங்குங்கள். வெர்சாய் என்று தொடங்கும் வேறு நிலையங்களும் உண்டு, அங்கே இறங்கினால் நிறைய நடக்க வேண்டும். அரண்மனை காலை 9 மணிக்குத் திறக்கும், த்ரியானோன் மாளிகைகள் நண்பகலில்தான். எனவே முதலில் அரண்மனை, பிறகு தோட்டம், கடைசியில் த்ரியானோன். நீரூற்றுகள் இசையோடு ஓடும் நாட்களில் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம்.

லூவ்ர் புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருக்கும். சுற்றுலாக் குழுக்கள் மாலையில் கலைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தைப் பிடிப்பது புத்திசாலித்தனம். நேரம் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கிவிட்டால் பிரமிடு வாசலில் அதற்குத் தனி வரிசை. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ, மற்றவர்களுக்கு 22. பழைய பதிவுகளில் உள்ள விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

உள்ளே போனதும் தெனோன் பகுதி. படிக்கட்டின் உச்சியில் சிறகு விரித்த வெற்றித் தேவதையைப் பார்த்துவிட்டு 711ஆம் அறைக்குப் போங்கள். மோனா லிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம்தான். கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் இருக்கும். அத்தனை பேரும் கையைத் தூக்கிப் போனில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் எதிர்ச்சுவர் முழுக்க வெரோனேஸின் 'கானா ஊர் திருமணம்' விரிந்து கிடக்கிறது. உயரம் 6.77 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 10 மீட்டர். வெனிஸில் ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரைந்தது, 1797இல் நெப்போலியனின் படை எடுத்துவந்தது. நடுவில் வாத்தியம் வாசிப்பவர்கள், பந்திக்கு இடையில் நாய்கள், ஜாடியைச் சாய்த்து ஊற்றும் ஆள் என்று அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். அங்கே நெரிசலே கிடையாது.

நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்துவிட்டது. உள்ளே போக இலவசம். முன்பதிவும் இலவசம், அதுவும் ஓரிரு நாள் முன்னால்தான் கிடைக்கும். பதிவே இல்லாமலும் வரிசையில் நிற்கலாம். காசு கேட்கும் இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பக்கத்திலேயே சான்த் ஷாப்பல் தேவாலயம். அது நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை கெடுபிடி. பேனாக்கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் பாட்டில் எதுவும் பையில் வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் போங்கள். வண்ணக் கண்ணாடிக்கு வெளிச்சம்தான் உயிர்.

* * *

மேலே எழுதியவர் கிழமைக் கணக்கைச் சொல்லிவிட்டார். பரிஸில் இருக்கிறபடியால் போக்குவரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

2025 ஜனவரியோடு ரிக்கற் முறை மாறிவிட்டது. முந்தி வலயத்துக்கு வலயம் விலை வேறு. இப்போது மெற்றோவோ ஆர்.இ.ஆர். ரயிலோ, வெர்சாய் வரைக்கும் ஒரே விலைதான்: 2025இல் 2.50 யூரோ, 2026இல் சில சதம் கூடியது. விமான நிலையத்துக்கு மட்டும் தனி ரிக்கற், அது 2025இல் 13 யூரோ. மெற்றோவிலிருந்து ஆர்.இ.ஆருக்கு மாறினால் அதே ரிக்கற் போதும். மெற்றோவால் இறங்கி பஸ் ஏறினால் புது ரிக்கற் அடிக்க வேண்டும், இதில்தான் கனபேர் தண்டம் கட்டுகிறார்கள்.

ரிக்கற்றை ஏற்றி வைக்கும் நவிகோ ஈசி காட் (அட்டை) 2 யூரோ. கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொன்று வேண்டும். ஒருவர் அடித்துப்போட்டு காட்டைப் பின்னால் நீட்டி மற்றவர் உள்ளே வருவது சரிவராது. வெளியே வரும் வரைக்கும் காட்டைக் கையில் வைத்திருங்கள். வாசலில் பரிசோதகர்கள் நிற்பார்கள், ஆர்.இ.ஆரில் வெளியேறவும் காட் காட்ட வேண்டும்.

கிழமைப் பாஸ் (ஒரு வாரத்துக்கான பாஸ்) எடுப்பதா என்பது நீங்கள் வந்திறங்கும் நாளைப் பொறுத்தது. அது எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் தொடங்கி ஞாயிறு இரவு முடியும். 2025இல் 31.60 யூரோ, விமான நிலையமும் அதற்குள் அடக்கம். அந்த ஆண்டு விலையில் போகவர எயார்போட் ரிக்கற் மட்டுமே 26 யூரோ வந்துவிடும் என்பதால், திங்கள் அல்லது செவ்வாய் வந்து ஞாயிறுக்குள் திரும்புகிறவர்களுக்கு இது நல்ல லாபம். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு உதவாது. வியாழன் வரைக்கும்தான் நடப்புக் கிழமைக்கு விற்பார்கள். இதற்கான காட் 5 யூரோ. 2.5க்கு 3 செ.மீ. அளவில் முகப்படம் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். படம் ஒட்டாமல், பெயர் எழுதாமல் பயணம் செய்தால் அதற்கும் தண்டம்.

பெரிய பெட்டிகள் இரண்டு இருந்தால் ரக்சியையும் யோசியுங்கள். மெற்றோவில் படிக்கட்டு ஏறி இறங்கியே களைத்துப்போவீர்கள், பழைய நிலையங்களில் லிஃப்ட் குறைவு. சார்ள் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ரக்சிக்கு நிலையான கட்டணம்: 2025இல் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. வெளியே ரக்சித் தரிப்பிடத்தில் வரிசையில் நின்று ஏறினால்தான் இந்த விலை. உள்ளே வந்து "ரக்சி, ரக்சி" என்று கேட்கிறவர்களோடு போகவேண்டாம்.

* * *

ஈஃபிள் கோபுரம் பற்றி: லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே அதிகாரபூர்வ தளத்தில் திறக்கும், உச்சிக்கான டிக்கெட்தான் முதலில் தீரும். கிடைக்கவில்லை என்றால் படிக்கட்டு டிக்கெட் இருக்கிறது. இரண்டாம் தளம் வரை 674 படி. இரண்டாம் தளத்திலிருந்தே நகரம் தெளிவாகத் தெரியும். காற்று பலமாக அடித்தால் உச்சியை மூடிவிடுவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

கோபுரத்தின் மேல் நின்றால் படத்தில் கோபுரம் இருக்காது. அதற்கு வெற்றி வளைவின் (ஆர்க் து த்ரியோம்ஃப்) மேல்தளம் நல்ல இடம். 284 படி ஏறினால் சுற்றிலும் பன்னிரண்டு சாலைகள் கதிர்போல் பிரிவதும், தெற்கே கோபுரமும் தெரியும். வளைவுக்குப் போக ரவுண்டானாவை நடந்து கடக்க முயலவே கூடாது, தரைக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் 5 நிமிடம் கோபுரம் மின்னும். ஜூனில் சூரியன் மறையவே இரவு 10 ஆகும், டிசம்பரில் மாலை 5க்கே இருட்டிவிடும். குழந்தைகள் இல்லாத ஜோடிகளுக்கும் ஜூன் மாத இரவுக் காத்திருப்பு அலுப்புதான்.

இன்னொன்று, மெட்ரோ டிக்கெட் விலையிலேயே கிடைப்பது: 6ஆம் வழித்தடத்தில் நசியோன் பக்கம் போகும் ரயிலில் இடதுபுற ஜன்னல் அருகே நில்லுங்கள். பாசி நிலையம் தாண்டியதும் ரயில் செய்ன் ஆற்றுப் பாலத்தில் ஏறும், கோபுரம் முழுசாகக் கண்முன் வந்து நிற்கும்.

* * *

சாப்பாடு. பிரெஞ்சு உணவகங்களில் மத்தியானம் 12 முதல் 2 வரை, இரவு 7க்குப் பிறகு. இடையில் பெரும்பாலும் சமையலறை மூடியிருக்கும். 3 மணிக்குப் பசித்தால் பேக்கரியும் கஃபேயும்தான். மத்தியான செட் மெனு இரவைவிட மலிவு. தண்ணீருக்கு "யூன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும், வெறுமனே வாட்டர் என்றால் பாட்டிலுக்குக் காசு. சர்வீஸ் கட்டணம் பில்லிலேயே அடங்கியது. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள், அங்கே அது அடிப்படை மரியாதை.

சைவர்கள் கவனிக்க: வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறில் செய்வது. சாலட்டில் சின்னச் சின்னத் துண்டாகக் கிடப்பது பெரும்பாலும் பன்றி இறைச்சி. கோம்த்தே போன்ற சீஸ் கன்றின் வயிற்றுச் சுரப்பால் உறையவைப்பது. "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து சேரும். "நி வியாந்த், நி புவாசோன்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

* * *

மரக்கறிச் சாப்பாட்டுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வாருங்கள். கார் து நோர் நிலையத்திலிருந்து நடைதூரம், 2ஆம் மெற்றோவில் லா ஷாப்பல் நிலையம். இடியப்பம், தோசை, வடை, கொத்து எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கதைக்கலாம். சான்த் ஷாப்பல் தேவாலயம் இங்கே இல்லை, அதற்கு சித்தே நிலையத்தில் இறங்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் வருகிறீர்கள் என்றால் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழா நாளை விசாரியுங்கள். தெரு நெடுக தேங்காய் குவித்து உடைப்பார்கள்.

கள்ளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1ஆம் மெற்றோவில் கதவு மூடும் நேரம் பார்த்து ரெலிபோனைப் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கதவோரம் நிற்கும்போது கையில் போன் வேண்டாம். சாக்ரே கேர் தேவாலயப் படிகளில் கையைப் பிடித்து நூல் கட்டி காசு கேட்பார்கள், இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டபடி நிற்காமல் நடவுங்கள். கையெழுத்துக் கேட்டு அட்டை நீட்டுகிறவர்கள் அந்த அட்டைக்குக் கீழேதான் கைவைப்பார்கள். கடவுச்சீட்டுகள் இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். தொலைந்தால் முதலில் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டுத் தாள் எடுங்கள், பிறகுதான் தூதரகம். இந்தியத் தூதரகமும் இலங்கைத் தூதரகமும் 16ஆம் வட்டாரத்தில் உள்ளன.