பழைய கவ்போய் படம் ஒண்டு: நிலவில கண்டனான் எண்டு சாட்சி சொல்லுறான், ஆனா படத்தில இரவே பட்டப்பகல் மாதிரிக் கிடக்கு?

மாங்குளத்தான்:

யூரியூப்பில கறுப்பு வெள்ளைக் கவ்போய் படம் ஒண்டு பாத்தன். பேர் தெரியாது, போட்ட ஆள் முன்னுக்கு எழுத்தோடுற துண்டை வெட்டிப்போட்டார். முழுப்படமே ஒரு மணித்தியாலம் வராது. காசில்லாமல் எடுத்தது எண்டு பாத்த உடன தெரியும், ஒரே பாறையைச் சுத்திச் சுத்தித்தான் குதிரையில கலைக்கினம், முதல் சண்டை நடந்த சலூன்தான் (சாராயக்கடை) பிறகு கோடாகவும் மாறுது, நீதவானுக்குப் பின்னால சாராயப் போத்தல் அடுக்கினபடி கிடக்கு.

கதை எண்டா, கிழக்குப் பக்கமிருந்து ஒரு பெட்டி புத்தகத்தோட வந்திறங்கிற இளம் சட்டத்தரணி, துவக்குப் பிடிக்கத் தெரியாது, ஊரே பாத்துச் சிரிக்குது. பெரிய பண்ணைக்காரன் ஒருத்தனை ஆரோ இரவில சுட்டுப்போட்டினம், மாடு சாய்க்கிற பெடியன் ஒருத்தனைப் பிடிச்சு அடைச்சு வைச்சிருக்கினம், சனம் கயிறோட வாசலில நிக்குது. ஒரே ஒரு சாட்சிதான். அவன் சொல்லுறான், நான் மேட்டில நிண்டனான், நல்ல நிலவு, பெடியன்ர முகத்தையும் கழுத்தில கட்டியிருந்த சிவப்புத் துணியையும் வடிவாக் கண்டனான் எண்டு. சட்டத்தரணி எழும்பி, அந்த இருட்டில உனக்கு முகம் தெரிய வாய்ப்பே இல்லை எண்டு வாதாடி வெல்லுறான்.

என்ர பிரச்சினை என்னண்டா, அந்தக் கொலை நடக்கிற காட்சியை முன்னமே காட்டிப்போட்டினம். அதில நிலத்தில நிழல் கன்னங்கரேலெண்டு விழுது, குதிரையின்ர மயிர் தனித்தனியாத் தெரியுது, எனக்கே மேட்டில இருந்து எல்லாம் தெரியுது. அப்ப சாட்சி சொன்னது சரிதானே? இது படக்காரர் விட்ட பிழையோ இல்லாட்டி வேணுமெண்டு செய்ததோ? மற்றது, உப்பிடி நிலவை வைச்சு மெய்யா ஆரும் வழக்கு வெண்டிருக்கினமோ?

கமராக்கண் (கிளிநொச்சி):

தம்பி, நீர் பாத்தது பகலில எடுத்த இரவு. அந்தக் காலத்துப் பிலிம் சுருளுக்குக் கனக்க வெளிச்சம் வேணும், இரவில வெட்டையில எடுக்கிறதெண்டா பெரிய ஆர்க் லைற், ஜெனரேற்றர் லொறி, லைற் பிடிக்கிற ஆக்களுக்கு இராச்சம்பளம் எண்டு செலவு ஏறிக்கொண்டே போகும். உந்த வகைப் படங்கள் எடுத்தது ரிப்பப்ளிக் (1935 இல தொடங்கினது), மொனோகிராம், பி.ஆர்.சி எண்ட சின்னக் கொம்பனியள், ஒரு கிழமை அளவில முழுப்படத்தையும் முடிச்சுப்போடுவினம். பெரிய படத்தோட சோடியா ஓட்டுறதுக்கு எடுத்தது, அதுதான் ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடியுது. நீர் சொன்ன பாறை அனேகமா ஐவர்சன் பண்ணையா இருக்கும், லொஸ் ஏஞ்சல்சுக்குக் கிட்ட, உப்பிடி எத்தினையோ கள்ளரை அந்தப் பாறையளைச் சுத்தித்தான் கலைச்சவை.

செய்யிறது லேசு. நல்ல வெய்யிலுக்க கமராவைக் கொண்டுபோய் வைச்சு, லென்சுக்குள்ள போற வெளிச்சத்தைக் குறைச்சு, முன்னால சிவப்புக் கண்ணாடி ஒண்டு போடுறது. சிவப்பு நீலத்தை மறிக்கும், அதால நீல வானம் கறுப்பா விழும், சூரியன் நிலவாயிடும். நிழலை மட்டும் ஒண்டும் செய்யேலாது. இன்னொரு இடமும் கவனிச்சுப் பாரும், இரவுக் காட்சியில ஆரும் லாம்போட வந்தா லாம்பு வெளிச்சம் நிலத்தில விழாது, வெய்யிலுக்க பிடிச்ச லாம்பு எப்பிடி எரியும்?

உவை யூரியூப்பில சும்மா கிடக்கிறதுக்கும் காரணம் இருக்கு. அமெரிக்காவில 1964 க்கு முன்னம் வெளிவந்த படத்துக்கு 28 ஆவது வருசம் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, சின்னக் கொம்பனியள் கனபேர் புதுப்பிக்கேல்ல, கொம்பனியே இல்லாமல் போயிட்டுது. அதால ஆரும் போடலாம், ஆரும் வெட்டலாம்.

பிழையோ எண்டு கேட்டீர். பிழைதான். ஆனா கமரா பிழையில்லை, கதை எழுதினவன்ர பிழை. வேற படமெண்டா உந்த நிழலை ஆரும் கணக்கெடுக்க மாட்டினம், சரி இரவெண்டு நினைச்சுக்கொண்டு போவம். இது இருட்டை நம்பியே நிக்கிற வழக்கு, அந்த இருட்டை வாங்கக் காசில்லையெண்டா கொலையைக் காட்டவே கூடாது, சாட்சியைக் கூட்டில ஏத்திச் சொல்ல விட்டிருந்தாக் காணும். திரையில கண்டதைச் சனம் சத்தியம் எண்டுதான் எடுக்கும், பிறகு ஆர் என்ன வாதாடினாலும் மாறாது.

வவுனியாப் பிள்ளை:

அந்த வாதம் மெய்யா நடந்தது அண்ணை, நடத்தினது ஆபிரகாம் லிங்கன். 1858 மே மாதம், இலினொய்ஸ் மாநிலத்தில பியேட்ஸ்ரவுண் எண்ட இடம். டஃப் ஆம்ஸ்ட்ரோங் எண்ட பெடியனுக்கு மேல கொலை வழக்கு. அதுக்கு முதல் வருசம், 1857 ஓகஸ்ட் 29 இரவு, பதினொரு மணிபோல, 150 அடி தள்ளி நிண்டு கண்டனான் எண்டு அலன் எண்ட சாட்சி சொல்லுறான். நிலவு எங்க நிண்டது எண்டு லிங்கன் திரும்பத் திரும்பக் கேட்டு அவனை நல்லா இறுக்கிப்போட்டு, பேந்துதான் பஞ்சாங்கத்தை எடுத்து விரிச்சவர். அண்டைக்கு வளர்பிறை, அட்டமி கழிஞ்ச நிலவு, நடுச்சாமத்தோட மறையுற நிலவு பதினொரு மணிக்கு அடிவானத்துக்குக் கிட்டப் போயிட்டுது. பெடியன் விடுதலை. லிங்கன் வறுமைப்பட்ட காலத்தில சாப்பாடு போட்டுப் பாத்தது டஃப்பின்ர தாய் தகப்பன், அதால அவர் ஒரு சதமும் வாங்கேல்ல. கள்ளப் பஞ்சாங்கம் காட்டினவர் எண்டு பிறகு கதை கட்டினவை, ஆனா வானியல்காரர் கணக்குப் போட்டுப் பாத்து நிலவு தாழத்தான் நிண்டது எண்டு சொல்லியிருக்கினம்.

சலூன் கோடு, பெட்டிப் புத்தகம் எல்லாம் பெரிய பொய்யில்லை. லிங்கன் சட்டக் கல்லூரிப் பக்கமே போகேல்ல, தானாப் படிச்சு 1836 இல அனுமதி எடுத்தவர். நீதவானும் சட்டத்தரணியளும் ஒண்டாக் குதிரையில வெளிக்கிட்டு ஊர் ஊராப் போய் வழக்குக் கேக்கிறது, இரவில ஒரே சத்திரத்தில, இடமில்லாட்டி ஒரே கட்டிலில படுக்கிறது, விடியக் கோட்டில எதிரும் புதிருமா நிக்கிறது.

படம் பிழை விட்டது வேற இடத்தில எண்டு நினைக்கிறன். அந்தப் பெடியன் தானே எழும்பிச் சத்தியம் பண்ணிச் சாட்சி சொன்னவனோ? உதுகளில அனேகமாச் சொல்லுவினம், அழுதழுது. அந்தக் காலம் அமெரிக்காவில குற்றஞ்சாட்டப்பட்டவர் தன்ர வழக்கில தானே சத்தியம் பண்ணிச் சாட்சி சொல்லேலாது, எப்பிடியும் பொய்தானே சொல்லுவான் எண்டு சட்டமே வாயை அடைச்சு வைச்சிருந்தது. முதலில மாத்தினது மெயின் மாநிலம், 1864 இல. மத்திய நீதிமன்றங்களுக்கு வந்தது 1878 இல. படத்தின்ர காலம் அதுக்கு முந்தினதெண்டா அந்தப் பெடியன் வாயே திறக்கேலாமல் மற்றவை தன்னைப்பற்றிக் கதைக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பான். எனக்கு அதுதான் பெரிய காட்சி, அழுகையை விட.

நாடு கடந்தும் உதே கேள்விதான் ஓடுது. எவ்வளவு நேரம் பாத்தாய், எவ்வளவு தூரம், வெளிச்சம் என்ன, இடையில மரம் செடி மறைச்சதோ, ஆளை முன்னம் தெரியுமோ. இங்கிலாந்தில டேர்ண்புல் வழக்கில 1970களில உதை ஒழுங்காச் சொல்லி வைச்சவை, இஞ்சயும் எங்கட கோடுகளில அதைத்தான் எடுத்துக் கதைக்கிறவை. எங்கட பக்கத்துப் பிழையான குற்றச்சாட்டுகளைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா இந்தத் திரி விடியுமட்டும் முடியாது, அதை விடுவம்.

முத்தையன்கட்டு விவசாயி:

பிள்ளை, லிங்கன் காட்டினது வாக்கியமோ திருக்கணிதமோ? வாக்கியமெண்டா எதிர்ப்பக்கத்துக்காரன் திருக்கணிதத்தைக் கொண்டு வந்து இன்னும் ஒரு கிழமை இழுத்திருப்பான்.

பகிடி கிடக்கட்டும். நிலவில என்ன தெரியும் எண்டு வயல் காவலுக்குப் போறவனைக் கேட்டிருக்க வேணும். பண்டிக்கும் யானைக்கும் பயந்து நாங்கள் கதிர் முத்திற காலம் முழுக்கக் கொட்டிலில தான் படுக்கிறது. பறுவ நிலவு உச்சியில நிக்கேக்க 150 அடியில வரம்பில ஒண்டு நிண்டா, நிக்குது எண்டு தெரியும். அசைஞ்சா மனிசனோ மாடோ எண்டும் தெரியும். முகம் தெரியாது. தெரிஞ்ச ஆளெண்டா நடையில பிடிக்கலாம், ஒருத்தர் காலைச் சரிச்சு வைப்பார், ஒருத்தர் மண்வெட்டியைத் தோளில போட்டா ஒரு பக்கம் சாய்வார், அப்பிடி. அதாலதான் இஞ்ச இரவில வயலுக்க வாறவன் எட்டத்தில நிண்டே குரல் குடுத்துக்கொண்டு வருவான், நாங்களும் குரல் குடுத்த பிறகுதான் கிட்ட வருவான். நிலவு சரிஞ்சு காட்டு மரத்துக்குப் பின்னால போயிட்டா வரம்பே தெரியாது.

சிவப்புத் துணி எண்டு சொன்னானே, அந்த இடத்திலயே அவனைக் கூட்டில இருந்து இறக்கியிருக்க வேணும். நிலவில நிறம் தெரியாது. சிவப்புச் சாரமும் பச்சைச் சாரமும் எல்லாம் ஒரே சாம்பல்தான். சட்டத்தரணி உதைக் கேட்டவனோ? கேக்கேல்ல எண்டா அவன் மாடு வயல் காணாத ஆள்தான்.

மற்றது, பெடியன் மாடு சாய்க்கிறவன் எண்டீர், மாட்டுக்களவு ஒண்டும் வரேல்லையோ? குறியைப் பற்றி ஏதும் காட்டினவையோ? எங்கட பட்டி மாட்டுக்கும் குறிதானே சுடுறது.

மாங்குளத்தான்:

ஐயா, சட்டத்தரணி நிறத்தைக் கேக்கவே இல்லை! கறுப்பு வெள்ளைப் படமெண்டபடியால் எனக்கும் அது ஓடேல்ல, சிவப்பெண்டு அவன் சொன்னதை அப்பிடியே எடுத்துக்கொண்டு போயிட்டினம். குறி வருது, கடைசியில. உண்மையான கொலைகாரன் பழைய குறிக்கு மேல இன்னொரு கோடு இழுத்துச் சுட்டு மாட்டைத் தன்ரயாக்கினவன், செத்த மாட்டின்ர தோலை உரிச்சு உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டப் பழைய குறியும் புதுக் குறியும் வேற வேறயாத் தெரியுது. அது மெய்யோ?

பிள்ளை, பெடியன் சாட்சி சொன்னவன்தான். நீங்கள் சொன்ன மாதிரி அழுதழுது. யூரிமார் பன்னிரண்டு பேரும் மேசைக்குப் பின்னால நெருக்கிக்கொண்டு இருக்கினம், இஞ்சயும் அப்பிடியோ?

முத்தையன்கட்டு விவசாயி:

தோல் விசயம் மெய். சுட்ட காயம் உள்ளுக்கும் தெரியும், பழசும் புதுசும் ஒரே மாதிரி இராது. எங்கட ஆக்கள் தோல் உரிக்குமட்டும் போகாயினம், மாட்டை அவிட்டு விட்டா அது எந்தப் பட்டிக்குப் போகுதோ அந்தப் பட்டி மாடுதான்.

வவுனியாப் பிள்ளை:

ஐயாவின்ர முறைக்கு லிங்கனும் ஒண்டும் சொல்லேலாது.

இஞ்ச யூரி ஏழு பேர், மேல் நீதிமன்றத்தில மட்டும், அதுவும் இப்ப வலு குறைவு. அஞ்சுக்கு ரெண்டு எண்டாலும் தீர்ப்புச் சொல்லலாம். அங்க பன்னிரண்டு பேரும் ஒரே சொல்லாச் சொல்ல வேணும், அதாலதான் ஒருத்தன் மட்டும் முறுகிக்கொண்டு நிக்கிற கதையள் அமெரிக்கப் படங்களில வாறது.

கமராக்கண் அண்ணையோட ஒரு இடத்தில மட்டும் ஒத்துக்கொள்ளேலாது. கொலையைக் காட்டியிருக்கக் கூடாது எண்டீங்கள். அந்தச் சாட்சி பொய் சொன்னவன் எண்டு படம் சொல்லுதோ? கண்டனான் எண்டு மனதார நம்பிச் சொல்லுற சாட்சிதான் கோட்டில பெரிய ஆபத்து. குறுக்கு விசாரணையில பொய்யனை உடைச்சுப்போடலாம், நம்பிச் சொல்லுறவனை உடைக்கிறது கஷ்டம். அவன்ர ஞாபகத்துக்க அந்த இரவு பகல் மாதிரித்தான் கிடக்கும். அந்தக் காட்சியை அவன்ர கண்ணால பாக்கிறதெண்டு எடுத்தா நிழல் விழுறதும் சரி, முகம் தெரியிறதும் சரி.

கமராக்கண் (கிளிநொச்சி):

பிள்ளை, நல்ல வக்காலத்து, ஆனா ஒரு கிழமையில படம் முடிச்சவனுக்கு அவ்வளவு யோசனை ஓடியிராது. சாட்சியின்ர ஞாபகமெண்டா கொலைக்காட்சி மட்டும்தான் வெளிச்சமா இருக்க வேணும். மற்ற இரவெல்லாம் எப்பிடி எண்டு தம்பி சொல்லட்டும். பெடியனை அடைச்சு வைச்ச இரவு, சனம் கயிறோட வந்த இரவு, அதுகளும் நிழலோ?

மாங்குளத்தான்:

இப்பதான் திரும்ப ஓட்டிப் பாத்தன். கயிறோட வாற இரவிலயும் நிழல் விழுது, அண்ணை சொன்ன லாம்பும் வருது, பந்தம் பிடிச்சவன் ஒருத்தனும் வாறான், ரெண்டாலயும் நிலத்தில ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. ஆனா பெடியன் சிறைக்குள்ள இருக்கிற காட்சி மெய்யா இருட்டு, முகத்தில பாதிதான் தெரியுது.

கமராக்கண் (கிளிநொச்சி):

அது செற்றுக்குள்ள எடுத்தது தம்பி. நாலு சுவருக்குள்ள எண்டா ஒரு லைற்றை நிப்பாட்டினாக் காணும், இருட்டு சும்மா வரும். லிங்கைப் போடும், பாறையைப் பாத்து ஐவர்சனோ எண்டு சொல்லுறன்.