ஃபிக்மா வருது, ஆனா ஸ்க்ரீன் நல்லா வர மாட்டேங்குது. யுஐ அடிப்படைய எங்கேர்ந்து பிடிக்கிறது?

பேலன்ஸ்ஷீட்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடிச்சிட்டு அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், யுஐ டிசைன் (ஆப், வெப்சைட் ஸ்க்ரீன வடிவமைக்கிறது) பக்கம் வரலாம்னு ராத்திரி உக்காந்து கத்துக்கிட்டு இருக்கேன். ஃபிக்மாங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல ஆட்டோ லேஅவுட் (இடைவெளிய தானா அட்ஜஸ்ட் பண்றது), காம்போனென்ட் (திரும்பத் திரும்ப யூஸ் பண்ற துண்டு) எல்லாம் ஓரளவு போட வருது. ப்ராக்டிஸுக்கு ஒரு பஸ் டிக்கெட் ஆப் போட்டேன், தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும். தனித்தனியா பாத்தா கலரும் ஓகே ஐகானும் ஓகே, மொத்தமா பாத்தா கல்யாண ஃப்ளெக்ஸ் மாதிரி இருக்கு. கலர் தியரி மொதல்ல படிக்கணுமா, டைப்போகிராஃபியா (எழுத்து வடிவமைப்பு), இல்ல காசு கட்டி கோர்ஸ் சேரணுமா?

கடைசிபெஞ்ச்:
கோர்ஸ்க்கு இப்ப காசு கட்டாதீங்க ப்ரோ. ஃப்ளெக்ஸ்ல என்ன பிரச்சனை, மாமா பேரு மச்சான் பேரு எல்லாமே பெருசா இருக்கணும், அதனால எதுவுமே கண்ல நிக்காது. பஸ் லிஸ்ட் ஸ்க்ரீன எடுத்துக்கோங்க, வர்றவங்க பாக்குறது எத்தன மணிக்கு கிளம்புது, எவ்ளோ ரூவா, சீட் இருக்கா, அவ்ளோதான். அது மூணும் போல்டா பெருசா இருக்கட்டும், ஏசி, சார்ஜிங் பாயிண்ட், ரேட்டிங் எல்லாம் சின்னதா மங்கலான கிரேல போயிடட்டும். கலர் மொத்தத்தையும் தூக்கிட்டு கருப்பு வெள்ளைலயே ஒருதடவ போட்டு பாருங்க, அதுல புரியலன்னா எந்த கலரும் காப்பாத்தாது.

அடுத்து ஸ்பேசிங், அதாவது நடுவுல விடுற இடைவெளி. கண்ணளவுல 13, 19 பிக்சல்னு வைக்காம 8, 16, 24, 32னு மட்டும் வைங்க. லேபிளுக்கும் அதோட பாக்ஸுக்கும் 8, அடுத்த ஃபீல்டுக்கு 24. பக்கத்துல இருக்கறத மூளை தானா ஒண்ணா சேத்துக்கும், கண்ணு பாக்குறத மூளை எப்படி சேத்து புரிஞ்சிக்குதுனு சொல்ற கெஸ்டால்ட் தியரில ப்ராக்ஸிமிட்டினு சொல்றது இதத்தான். இத பண்ணிட்டாலே நீங்க போட்ட பார்டர்ல பாதி தேவைப்படாது.

டிவ்_டேக்:
மேல சொன்னது சரி, ஆனா அந்த "மங்கலான கிரே"ல எனக்கு உடன்பாடு இல்ல. டிசைனர்ஸ் எல்லாரும் இதத்தான் பண்றாங்க, அப்புறம் மதிய வெயில்ல பஸ் ஸ்டாண்ட்ல நின்னு ஃபோன பாக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாராலயும் வெப்சைட்ட யூஸ் பண்ண முடியணும்னு இருக்கற டபிள்யூசிஏஜி வழிகாட்டில ஏஏ லெவல்படி சாதா எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) கொறஞ்சது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளை மேல #999999ங்கற கலர் கோட் கிரே எழுத்து போட்டா ஃபெயில், அத விட கருத்த #767676 பாஸ், அதுக்கு மேல வெளுக்க விடாதீங்க. செக் பண்ண ஃபிக்மாக்குள்ளயே சேத்துக்கற ஃப்ரீ ப்ளகின் நிறைய இருக்கு.

பட்டன் சைஸும் பாருங்க. ஆண்ட்ராய்டுக்கு 48 டிபி, ஐஃபோனுக்கு 44 பாயிண்ட் (டிபி, பாயிண்ட் ரெண்டும் ஸ்க்ரீன் அளவு யூனிட்). ஐகான் 24ஆ இருக்கலாம், தொடுற இடம் 48 இருக்கணும். அப்புறம் சீட் மேப்ல காலியா இருக்கறது பச்சை, புக் ஆனது சிவப்புனு மட்டும் விட்றாதீங்க, அந்த ரெண்டு கலரும் பிரிச்சு தெரியாதவங்க இருக்காங்க. புக் ஆன சீட்டுல ஒரு பெருக்கல் குறி போடுங்க.

மதுரைமல்லி:
தம்பி தமிழ்லயும் பண்றேன்னு சொன்னதால இத சொல்றேன், யாரும் சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷுக்கு அளவெடுத்து பட்டன் போட்டா "பேருந்துகளைத் தேடு" ரெண்டு வரியா மடங்கும். அகலத்த ஃபிக்ஸ் பண்ணாம, எழுத்துக்கு ஏத்த மாதிரி பட்டன் விரியற ஹக் கன்டென்ட்ஸ் செட்டிங் வைங்க, மொதல்ல தமிழ்ல போட்டு பாருங்க, அங்க நின்னா இங்கிலீஷ் தானா நிக்கும். லைன் ஹைட் (வரியோட உயரம், எழுத்து சைஸுக்கு இத்தன மடங்குனு) 1.2 பத்தாது, கீ, ஸ்ரீ மேல ஏறும், ழு, ஞு கீழ இறங்கும், வரிங்க ஒண்ணோட ஒண்ணு முட்டும், 1.5 கிட்ட வைங்க. இங்கிலீஷ்ல ஹெட்டிங்க கேபிடல்ல போட்டு தப்பிச்சிடுவாங்க, நமக்கு கேபிடல் கிடையாது, சைஸும் வெயிட்டும் (எழுத்தோட தடிமன்) தான் கை கொடுக்கும், அதனால நாலஞ்சு வெயிட் இருக்கற ஃபான்டா எடுங்க. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூணுமே கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீ.

பேலன்ஸ்ஷீட்_பையன்:
நன்றி அக்கா, நன்றி ப்ரோஸ். வேற ஆப்ப பாத்து அப்படியே காப்பி அடிச்சு பழகலாமா?

கடைசிபெஞ்ச்:
தாராளமா. டெய்லி யூஸ் பண்ற ஆப் ஒண்ண ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மேல வச்சு பிக்சல் பிக்சலா வரைங்க, ஏன் இங்க 16, ஏன் அங்க 24னு கேட்டுக்கிட்டே. வேலைக்கு காட்டுற போர்ட்ஃபோலியோல மட்டும் சொந்தம்னு போட்றாதீங்க. படிக்கணும்னா யூசபிலிட்டி (யூஸ் பண்ண எளிசா இருக்கறது) நிபுணர் ஜேக்கப் நீல்சனோட 10 ஹியூரிஸ்டிக்ஸ், அதாவது டிசைனுக்கான பொது விதிங்க, படிங்க, 1994ல எழுதுனது, நெட்ல ஃப்ரீயாவே இருக்கு.

டிவ்_டேக்:
அதுல மொத பாயிண்டே, சிஸ்டம் இப்ப என்ன பண்ணிட்டு இருக்குனு ஆளுக்கு தெரியணும்ங்கறதுதான். உங்க ஆப்ல பேமெண்ட் பாதில நெட் போனா என்ன காட்டுது? அந்த தேதிக்கு பஸ்ஸே இல்லன்னா? அந்த ரெண்டு ஸ்க்ரீனையும் போட்டு இங்க அப்லோட் பண்ணுங்க, பாக்கலாம்.