ரோபோ பிராஸ்டேட்: பயிற்சி டாக்டர் தேறிட்டார்னு எதை வச்சு சொல்றது?

பாளை யூரோ:
நம்ம ஜில்லாப் பிள்ளைங்க சென்னை, கோவைன்னு ரோபோவை வச்சுப் புற்றுநோய் வந்த பிராஸ்டேட்டை எடுக்குற ஃபெலோஷிப் முடிச்சுட்டு ‘கன்சோலில் 40 கேஸ்’னு சான்றிதழோட வாராங்க. கன்சோல்ங்கிறது சர்ஜன் உக்காந்து ரோபோவை ஓட்டுற இடம். அந்த 40-ல எத்தனை முழு கேஸ், எத்தனை மூத்திரப்பையை இறக்கிக் கொடுத்ததோட எந்திரிச்சதுன்னு ஒரு வரி கிடையாது. எண்ணிக்கையைத் தூக்கிப் போடணும்ங்கேன். வெட்டி ஒட்டாத வீடியோவை, யார் செஞ்சதுன்னு தெரியாத ரெண்டு பேர் பார்த்து, கட்டம் கட்டமா மார்க் போடட்டும்.

ஸ்டோன் அண்ணாச்சி:
வே, எண்ணிக்கையை அப்படி லேசா தள்ளிராதேயும். 2007-ல வந்த ஆய்வுல, திறந்து செய்யுத பிராஸ்டேட் ஆபரேஷன்ல 10 கேஸ் அனுபவம் உள்ள சர்ஜன்கிட்ட 5 வருஷத்துல பிஎஸ்ஏ (புற்று திரும்புறதைக் காட்டுற ரத்தப் பரிசோதனை அளவு) திரும்ப ஏறுனது 17.9%, 250 முடிச்சவர்கிட்ட 10.7%. வீடியோ மார்க்னு நீரு சொல்லுதது ஜியர்ஸ்தானே? ஆழம் உணர்தல், ரெண்டு கையும் சேர்ந்து ஓடுறது, சிக்கனம், விசை, தன்னிச்சை, ரோபோ கட்டுப்பாடுன்னு 6 தலைப்பு, தலைக்கு 5, மொத்தம் 30. அதுல 28 வாங்குதவன் ஏபெக்ஸ்ல, அதான் பிராஸ்டேட்டோட கீழ்முனையில, சுரப்பிக்குள்ளேயே வெட்டி, மார்ஜினைப் பாசிட்டிவ் (வெட்டுன ஓரத்துல புற்று) ஆக்கிட்டுப் போவான். கை ஓட்டத்துக்குத்தான் மார்க், எந்தத் தளத்துல வெட்டுதான்ங்கதுக்கு இல்லை.

பாளை யூரோ:
ஜியர்ஸ் எல்லா ஆபரேஷனுக்கும் பொது, அதை நான் கேக்கலை அண்ணாச்சி. பிராஸ்டேட்டுக்குன்னே ‘பேஸ்’ இருக்கு, 7 கட்டம்: மூத்திரப்பையை இறக்குறது, பிராஸ்டேட்டைத் தயார் பண்ணுறது, பிளாடர் நெக் (மூத்திரப்பைக் கழுத்து), வாஸும் (விந்துக்குழாய்) விந்துப்பையும், நரம்புக்கட்டு, ஏபெக்ஸ், அனாஸ்டமோசிஸ் (மூத்திரப்பையை யூரித்ராங்கிற மூத்திரக்குழாயோட சேத்துத் தைக்குறது). கூடவே ‘இந்தப் பிழை நடந்துச்சா, இல்லையா’ன்னு எண்ணணும்.

அனாஸ்டமோசிஸையே எடுத்துக்கிடுங்க. 3-0 முள்நூல் (முடிச்சு இல்லாமலே பிடிச்சுக்கிடுற தையல் நூல்) ரெண்டு. பின்பக்கம் 5, 6, 7 மணித் தையல் போட்டு மூத்திரப்பையை இறக்கி யூரித்ராவோட சேக்குற இடத்துலதான் கண்டம். ஒவ்வொரு லூப்பா இறுக்குனா பாரம் பூரா ஒரே தையல்ல விழுந்து யூரித்ரா கிழியும். நாலஞ்சு லூப் போட்டுட்டு, ரெண்டு நூலையும் மாத்தி மாத்திக் கொஞ்சங்கொஞ்சமா இழுக்கணும். பழைய மாடல்கள்ல இழுவிசை கைக்குத் தெரியாது, திசு வெளுக்குறதைக் கண்ணு பாக்கணும். ஊசியை அதோட வளைவுப்படி திருப்பாம நேரா தள்ளுனா ஓட்டை பெருசாகும். அத்தனையும் வீடியோவில் அப்பட்டமா தெரியும். நாம என்ன செய்யுதோம்? கடைசியில 150 மில்லி சலைன் விட்டு, கசியலைன்னா ‘பாஸ்’. கிழிசல் விழுந்த யூரித்ரா அன்னைக்குக் கசியாமலும் இருக்கும்.

அப்புறம், 2013-ல மிச்சிகன்ல 20 எடைக்குறைப்பு சர்ஜன்கள் ஆளுக்கொரு வீடியோ கொடுத்தாங்க. மார்க்குல அடிமட்டக் கால்வாசியோட நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5%, மேல்மட்டக் கால்வாசிக்கு 5.2%.

ஸ்டோன் அண்ணாச்சி:
அது லேப்ரோஸ்கோப்பில இரைப்பை பைபாஸ். வீடியோவும் அவங்களே பொறுக்கிக் கொடுத்தது. இங்க ரெண்டு கன்சோல், குருவுக்கு ஒண்ணு, மாணவனுக்கு ஒண்ணு. குரு நடுவுல வாங்கி ரெண்டு நிமிஷம் சரிபண்ணிக் கொடுத்தா, தனியா குறிச்சு வைக்காட்டா பாக்குதவனுக்கு எப்படித் தெரியும்? சத்தம் பதிவாகலைன்னா ‘நிப்பாட்டு, இன்னும் மேல’ன்னு சொன்னதும் போச்சு. தன்னிச்சைக்கு 5-க்கு 5! அதோட 30 கிராம் சுரப்பியும், மீடியன் லோப் (சுரப்பியோட நடுமடல்) மூத்திரப்பைக்குள்ள தொங்குத 90 கிராமும் ஒரே பரீட்சையா? லோபைத் தூக்கிப் பிடிக்காம பின்சுவரை வெட்டுனா யூரிட்டர் (கிட்னியில இருந்து வார குழாய்) வாய்ல போய் நிக்கும். சின்னச் சுரப்பில அந்தக் கேள்வியே வராது.

தியேட்டர் சிஸ்டர்:
ரெண்டு சாரும் கன்சோலை விட்டு வெளிய வாங்க. நோயாளி தலைப்பக்கம் 25 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு, ரோபோவோட நாலு கையும் மாட்டியிருக்கும்போது ரத்தம் பீறிட்டா என்ன வரிசை? கருவியால அழுத்திப் பிடிக்கணும், வயித்துக்குள்ள விட்ட காஸ் அழுத்தத்தை 20 மி.மீ. வரைக்கும் ஏத்தணும், அனஸ்தீசியாவுக்குச் சொல்லணும். திறக்கத்தான் வேணும்னா கருவிகளை நேராக்கி ஒவ்வொண்ணா வெளிய எடுக்கணும், அழுத்திட்டிருக்கது கடைசி. பிறகுதான் ரோபோவைக் கழட்டணும். டேபிள் ரோபோவோட இணைஞ்சது இல்லைன்னா, மாட்டுன பிறகு அசைக்கவே கூடாது. தலையைக் கன்சோலுக்குள்ள விட்டிருக்கவருக்கு எங்க முகம் தெரியாது; பேர் சொல்லிக் கேட்டு, பதில் வாங்கணும். இதுக்கு யாரு மார்க் போடுதா?

வண்ணார்பேட்டை:
3 மணி நேர வீடியோவை ரெண்டு பேர் உக்காந்து பாக்கவா? ஓ.பி.யை யாரு பாக்குறது?

பாளை யூரோ:
பிளாடர் நெக், ஏபெக்ஸ், அனாஸ்டமோசிஸ், மூணு துண்டு போதும். துண்டை மாணவன் பொறுக்கக் கூடாது. கன்சோல் கை மாறுன நேரத்தை சிஸ்டர் தாள்ல குறிக்கட்டும். சுரப்பி எடை, மீடியன் லோப் உண்டா, முன்னாடி டி.யு.ஆர்.பி. (மூத்திரக்குழாய் வழியா பிராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்குறது) செஞ்சதா, எல்லாம் மார்க் தாளோட தலைப்புல வரணும். அடுத்தடுத்து ரெண்டு கேஸ்ல தேறணும்.

ஸ்டோன் அண்ணாச்சி:
ஏபெக்ஸ் துண்டோட பேத்தாலஜி ரிப்போர்ட்டையும், 3 மாசத்துல மூத்திரக் கசிவுல ஒரு நாளைக்கு எத்தனை பேட் நனையுதுங்கதையும் சேத்து ஒட்டும். அப்பவும் குறைஞ்சபட்ச எண்ணிக்கையை விட மாட்டேன். மூணு துண்டு நல்லா வந்துட்டுன்னு எட்டாவது கேஸ்லயே கையெழுத்துக் கேப்பான். மீடியன் லோபை எப்ப பாப்பான்?

பாளை யூரோ:
மீடியன் லோப் ஒண்ணு, டி.யு.ஆர்.பி. முடிஞ்சது ஒண்ணு கட்டாயம்னு வச்சிருவோம். சிஸ்டர் சொன்ன அவசரக் கழட்டல் ஒத்திகை, ஆறு மாசத்துக்கு ஒருக்க, அதையும் சேத்துக்கிடுதேன். பேத்தாலஜி ரிப்போர்ட்டும் சரி. எண்ணிக்கைக்கு மட்டும் சம்மதம் இல்லை அண்ணாச்சி.