புதுக்கோட்டையில் ஓர் இரவு தங்க வேண்டுமா?

மலைக்கோட்டைவாசி:
திருச்சிக்கு வரும் உறவினர்கள் புதுக்கோட்டையில் தங்கிப் பார்க்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். என் காரணங்களை இங்கே வைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம். தஞ்சைக்குப் பெரிய கோயில் போலவோ மதுரைக்கு மீனாட்சி கோயில் போலவோ ஊரின் நடுவே நின்று ஆளை இழுக்கும் ஒன்று புதுக்கோட்டையில் இல்லை. நார்த்தாமலை வடக்கே, சித்தன்னவாசல் வடமேற்கே, குடுமியான்மலை மேற்கே, திருமயம் தெற்கே என்று எல்லாமே ஊருக்கு வெளியே 15 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. திருச்சியிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் நார்த்தாமலையையும் சித்தன்னவாசலையும் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அக்கா குடும்பத்தை நான் அப்படித்தான் அழைத்துச் சென்றேன். எவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

கோனாட்டான்:
ஐயா, உங்கள் தூரக் கணக்கு சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. நார்த்தாமலையில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? அங்குள்ள விசயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயிலின் வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இந்த அமைப்பு தமிழ்நாட்டில் அரிது. பெயரில் சோழன் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் எடுத்த கற்கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. எதிரே பாறையைக் குடைந்து எடுத்த குடைவரைக் கோயிலில் ஏறக்குறைய ஆளுயரத்துக்குத் திருமால் உருவங்கள் 12 வரிசையாக நிற்கின்றன. வெயில் ஏறிய பாறையில் கால் சுடச் சுட நடந்து, அரை மணியில் இறங்கிவருவது பார்த்ததாகுமா?

ஊருக்குள் ஒன்றுமில்லை என்பதையும் மறுக்கிறேன். 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் தலைநகரம். திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் ஒழுங்கு செய்யப்பட்ட வீதிகள் நேர்நேராக, குறுக்கும் நெடுக்குமாக இன்றும் இருக்கின்றன. புதிய அரண்மனை இன்று ஆட்சியர் அலுவலகம். ஊரை ஒட்டிய திருக்கோகர்ணத்துக் கோயிலின் அம்மன் பிரகதாம்பாள் தொண்டைமான்களின் குலதெய்வம். அவள் உருவம் ஒரு பக்கமும் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல் மறுபக்கமும் பொறித்த அம்மன் காசு இந்த அரசின் சொந்த நாணயம். கோயிலுக்குப் பக்கத்திலேயே 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஓர் அரசு எப்படி வாழ்ந்தது என்பதை நடந்தே பார்க்கக்கூடிய ஊர் இது. மாலை ஆறு மணிக்குத் திருச்சிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவருக்கு இது தெரிய வராது.

மலைக்கோட்டைவாசி:
கருவறை வட்டமாக இருப்பதை நான் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்கிறார்கள். வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத என்னைப் போன்றவருக்கு அந்தப் பாறையில் கீறல்களைத் தவிர என்ன தெரியும்? அறிஞர்களுக்குரிய இடத்தைச் சுற்றுலா இடம் என்று சொல்லி ஆட்களை அழைப்பது நியாயமா?

கோனாட்டான்:
நியாயமான கேள்வி. போகும் முன் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டால் போதும். அது ஏழு பகுதிகளாகச் சுரங்களைக் குறித்து வைத்த கல்வெட்டு. ‘ச’ என்ற ஒரே சுரம் ச, சி, சு, செ என்று உயிர் மாறி மாறி வரும். வடமொழியில் எழுதிவிட்டு, ‘எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய’ என்று தமிழில் ஒரு குறிப்பும் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் மாணவர்களுக்காகப் பாறையில் இசைப்பாடம் எழுதியிருக்கிறார் என்பதை அறிந்து அதன்முன் நிற்பதற்குக் கிரந்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கல்வெட்டு வேண்டாம் என்பவர்களுக்குக் கீழே கோயில் மண்டபத் தூண்களில் நரசிம்மரும் பத்துத்தலை இராவணனும் ரதியும் இருக்கிறார்கள்.

வைகறை:
நான் புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். இருவரிடமும் எனக்கு வேறுபாடு உண்டு. எங்கள் ஊரைப் பலர் கவனிக்காமல் போவதில் எனக்கு வருத்தமில்லை, ஓரளவு நிம்மதிதான். சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையில், விதானத்தில் தீட்டிய தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் நடமாட, பூப்பறிக்கும் மூவர் அந்தக் குளத்தில் நிற்கிறார்கள். பாறைமேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வண்ணம். அவ்வளவு மெல்லிய பரப்பு. தூண்களில் ஆடும் பெண்களின் கோடுகளைச் சிறுமியாக இருந்தபோது என் அப்பா விரலால் காற்றில் வரைந்து காட்டினார்; இன்று என் மாணவிகளுக்கு அதே கோடுகளைக் காட்ட நான் தேட வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் நின்றாலே மூச்சு முட்டும் அந்தச் சிறு குடைவரைக்குள் இன்னும் ஆயிரம் பேரை அனுப்ப வேண்டும் என்கிறீர்களா, கோனாட்டான் ஐயா?

கோனாட்டான்:
சகோதரி, உங்கள் கவலையை நான் தள்ளவில்லை. ஆனால் யாரும் வராத இடத்தைக் காக்கவும் யாரும் கேட்கமாட்டார்கள். கூட்டம் சித்தன்னவாசல் ஒன்றிலேயே குவிவதற்குக் காரணமே ஒரு நாள் பயணந்தான். நேரமில்லாதவர் பெயர் கேள்விப்பட்ட ஓரிடத்துக்கு மட்டுமே போவார். தங்குகிறவர் அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகைக்கும் ஏறுவார். சமண முனிவர்களின் வழவழப்பான கற்படுக்கைகளையும் தமிழ்ப் பிராமி எழுத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் திருமயம் கோட்டைக்கும் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கும் போவார். கூட்டம் பரவும்.

வைகறை:
பரவும் என்பது உங்கள் நம்பிக்கை. குடைவரைக்குள் ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த பிறகு அழையுங்கள். நானே வழிகாட்ட வருகிறேன். அதுவரை வருகிறவர்கள் ஃபிளாஷ் போடாமல், வாசலில் சற்று நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு உள்ளே போனால் போதும்.

மலைக்கோட்டைவாசி:
கார் உள்ளவர்களுக்கு ஓர் இரவு தகும் என்ற அளவுக்கு இறங்கிவருகிறேன். பேருந்தை நம்பி வரும் வயதானவர்களுக்கு என் பழைய பதிலேதான். அடுத்த வெள்ளி, சனி இரண்டு நாளும் அக்காவை மறுபடி அழைத்துவரலாம் என்று நினைக்கிறேன்.

வைகறை:
வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அண்ணா. சனிக்கிழமை கிளம்புங்கள்; அது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றும் மூடியிருக்கும்.